உச்சிக்கால மணியும் பள்ளிக்கூட நிழலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷங்களைக் கடத்திவிட்டேன். காகிதத்தை எடுத்து வைப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு நின்றுபோகும். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். விஞ்ஞானப் பாடத்தைப் பற்றி நான் எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்று கூச்சம். சுவாமிக்குச் செய்கிற பூஜையும் இதில் வருகிறது, அதைத் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், மனம் நோவாரே என்ற தயக்கம். போன தைப்பூசத்தன்று அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதுங்க மாப்ள. நான் கத்தினதையும் சேத்தே எழுதுங்க. விட்டுட்டா நான் வேற ஆளா ஆயிருவேன்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் பேனாவைத் தொட்டேன். முருகன் துணை.

அப்போது எங்களுக்குப் போர்ட்பிளேயரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், தீவுக்குள்ளே பெரார்கஞ்சில் வீடு. கடைத்தெருவில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தேன். கடையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கைமாற்றிக் கொடுத்தது. அந்தத் தெருவில் முதலில் வந்த ரேடியோக்களில் ஒன்று என்பதால், ஊரில் பாதிப் பேர் என் கடை வாசலில் நின்றுதான் செய்தி கேட்பார்கள். வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் தராசுக்கும் ரேடியோவுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன்.

தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய முருகன் கோயில் ஒன்று மேட்டில் இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தளம், வாசலில் ஒரு கொடிமரம். தனியாகக் குருக்கள் கிடையாது. ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து நாங்களே பூஜை செய்வோம். காலையில் விளக்கு, மத்தியானம் உச்சிக்கால நைவேத்தியம், சாயங்காலம் ஒரு தீபாராதனை. உச்சிக்காலம் என்றால் பன்னிரண்டு மணி. மரக் கிடங்கில் சாப்பாட்டு மணியும் அப்போதுதான் அடிக்கும். ஆட்கள் கை கழுவிவிட்டு ஓடிவந்து, கற்பூரம் ஒற்றிக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு சாப்பிடப் போவார்கள். கோயிலில் இருந்த டைம்பீஸுக்கு நேரம் வைத்துக் கொடுப்பது நான். காலைச் செய்திக்கு முன்னால் ரேடியோவில் 'பீப் பீப்' என்று வருமே, அதைக் கேட்டு முள்ளைத் திருப்புவேன். நம் ரேடியோ சொல்லும் நேரத்தில் முருகனுக்கு மணி அடிக்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

எங்கள் ஹைஸ்கூலுக்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு விஞ்ஞான வாத்தியார் வந்து சேர்ந்தார். மதுரைப் பக்கம். கல்யாணம் ஆகாதவர், மெலிந்த ஆள், எதற்கெடுத்தாலும் "பார்த்துடலாம்" என்பார். ஒரு நாள் கடைக்கு வந்தவர் சோப்பு வாங்கிக்கொண்டு போகாமல் ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பீங்களா?"

"பாட்டுப் போடவா?"

"பாடம் நடத்த. எங்க சுவர்க் கடிகாரம் உப்புக் காத்துல துருப்பிடிச்சு, அதுக்கு இஷ்டம் இருந்தா ஓடுது, இல்லேன்னா நிக்குது. லேபுன்னு ஒரு ரூம் இருக்கு. உள்ள ஒரு தராசு, நாலு கண்ணாடிக் குழாய், ஒரு பல்லி. இது ஒண்ணு கிடைச்சா பசங்களுக்குப் பாதி பௌதிகம் சொல்லிக் குடுத்துருவேன்."

கொடுக்க மனசில்லை. ஆனால் அந்த வகுப்பில்தான் என் மகள் படித்தாள். 'அப்பா, குடுங்கப்பா' என்று அவள் கண்ணாலேயே கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. காலைச் செய்தி முடிந்ததும் எடுத்துப்போய்ச் சாயங்காலம் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பேசி அனுப்பினேன். மகள் அதைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவாள்.

அவர் அதை வைத்து என்னென்னவோ செய்தார். பாக்கு மரத்தில் செப்புக் கம்பியைக் கட்டி, கம்பி நீள நீளக் குரல் தெளிவாவதைக் காட்டினார். ஒலிபெருக்கியின் மேல் ரவையைத் தூவி, பாட்டு வரும்போது ரவை துள்ளுவதைக் காட்டினார். ஒரு நாள் பின் மூடியைக் கழற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டு, கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. பேட்டரிக்கும் பொட்டு வச்சிருக்கீங்க, அது பார்த்துக்கும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது மகள் எனக்கும் அவள் அம்மாவுக்கும் அந்தப் பாடங்களை அப்படியே சொல்வாள். காற்றில் அலை வருகிறது என்பாள். எங்களுக்குப் பாதி புரியும். அவள் முகத்தைப் பார்த்தாலே போதும்.

அந்த வருஷத்தோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் அவள் படிப்பு முடிந்துவிடும். மேலே சயின்ஸ் எடுக்க வேண்டுமென்றால் போர்ட்பிளேயருக்குத்தான் போக வேண்டும். அங்கே டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் என் தங்கை வீடு இருந்தது, தங்க இடமுண்டு. வாத்தியாரும் சொல்லிவிட்டார், "இவளை நிறுத்திடாதீங்க அண்ணாச்சி." எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வயசு வந்த பெண். பல ஊர்க்காரர்கள், பல பாஷைக்காரர்கள் இருக்கிற இடம். நாலு பேர் ஒன்றைச் சொன்னால் பிள்ளை அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமே, வீட்டில் வளர்த்த பக்தியும் ஒழுக்கமும் என்னாகுமோ என்று கவலை. "பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் முருகன் முன்னால் அவள் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனதைக் கவனித்தேன்.

மழை விட்டு வெயில் காய்கிற மாதம். வாத்தியார் பள்ளிக்கூட முற்றத்தில் கொடியேற்றும் சிமெண்டு மேடையில் ஒரு இரும்புக் கம்பியை நட்டு, நிழல் அளக்கச் சொன்னார். சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் மிகச் சின்னதாக இருக்கும், அது பகல் பன்னிரண்டு மணி என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். ரேடியோவைக் கேட்டுத் தன் டைம்பீஸைச் சரிசெய்து பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளை முறைபோட்டு அளக்கவிட்டு, வேறு வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று மகள் வரும்போதே முகம் வாடியிருந்தது. என் மச்சானும் வீட்டில் இருந்தார். மரக் கிடங்கில் வேலை, கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"என்னட்டி, யாரு அடிச்சா?" என்றாள் என் மனைவி.

"யாரும் அடிக்கலம்மா. நிழல் பதினொன்றரைக்கு முன்னாடியே சின்னதாயிட்டு. அப்புறம் வளர ஆரம்பிச்சிட்டு. பன்னெண்டு மணிக்கு நல்லா நீண்டு கெடக்கு. எல்லாரும் அழிச்சிட்டு, பன்னெண்டுக்குத்தான் சின்னதுன்னு மாத்தி எழுதிட்டாவ. நான் மாட்டேன்னுட்டேன்."

"வாத்தியார் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நீ மட்டும் எப்படித் தப்பா அளந்தேன்னு கேட்டாரு. நாளைக்குத் திரும்ப அள, இல்லேன்னா மார்க் கிடையாதுன்னுட்டாரு."

அதோடு விட்டிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே, தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டாள். "அப்பா, அப்படின்னா நம்ம கோயில்ல உச்சிக்காலம்னு பன்னெண்டு மணிக்கு மணி அடிக்கோமே, அப்ப உச்சி முடிஞ்சு போயிருக்குமேப்பா?"

மச்சான் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"என்ன சொல்லுதா இவ? இத்தன வருஷமா நாம முருகனுக்கு ஆறின சோத்தப் படைச்சோம்னு சொல்லுதாளா?"

"அப்படிச் சொல்லல மாமா..."

"வேற எப்படிச் சொன்ன? டெல்லி ரேடியோ தப்பு, புத்தகம் தப்பு, வாத்தியார் தப்பு, கோயில் தப்பு. இவ நட்ட கம்பி ஒண்ணுதான் சரி! மாப்ள, இதுக்குத்தான் பொட்டப்புள்ளைய ரேடியோவத் தூக்கிக்கிட்டு அனுப்பாதீயன்னு சொன்னேன். இங்க இருக்கும்போதே சாமிக்கு நேரம் பாக்குதா. போர்ட்பிளேர் போனா சாமியே இல்லன்னு சொல்லுவா. படிச்சது போதும், நிறுத்துங்க."

"அண்ணே, மொதல்ல சாப்பிடுங்க. சோறு இங்கயும் ஆறுது" என்றாள் என் மனைவி. அவர் கோபத்தோடு கை கழுவிவிட்டுப் போனார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் சொன்னதில் பாதி என் மனதிலும் இருந்ததுதான். நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் இன்னொன்றும் குடைந்தது. நேரம் கொடுத்தவன் நான். என் ரேடியோ சொன்ன நேரத்தில்தான் முருகனுக்கு மணி அடித்தது. அது உச்சியே இல்லை என்றால்?

மறுநாள் காலை கோயிலில் கும்பிட்டுவிட்டு, கடையில் வியாபாரம் தொடங்காமல், ரேடியோவை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனேன். சனிக்கிழமை, அரைநாள்தான். வாத்தியார் என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்ததாக நினைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மார்க் விஷயம்னா..."

"மார்க் இருக்கட்டும் சார். அந்த நிழல நான் பாக்கணும்."

"பார்த்துடலாம்" என்றார். அவருக்கும் இரவெல்லாம் சந்தேகமாக இருந்திருக்கிறது போல. கம்பி சாய்ந்திருந்தால் நிழல் ஏமாற்றும் என்று சொல்லி, தூண்டில் ஈயத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கம்பி நேராக நிற்கிறதா என்று நாலு பக்கமும் சோதித்தார். நேராகத்தான் நின்றது.

அதற்குள் மச்சானும் வந்துவிட்டார். என் மகள் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்ததும் முதல் காரியமாக, "இவ கோடு போடக் கூடாது. இவ போட்டா இவளுக்குத் தோதாப் போடுவா. நான் போடுதேன்" என்று கரித்துண்டைப் பிடுங்கிக்கொண்டார். மகள் தள்ளிப்போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மச்சான் வெயிலில் குந்தினார். டைம்பீஸைப் பார்த்து வாத்தியார் குரல் கொடுப்பார், இவர் நிழலின் நுனியில் கரியால் ஒரு கோடு இழுப்பார். வேலிக்கு அந்தப்பக்கம் சைக்கிளில் போன வங்காளிக்காரர் காலூன்றி நின்று, என்ன நடக்கிறது என்று இந்தியில், "க்யா ஹோ ரஹா ஹை?" என்றார்.

"சாயா நாப் ரஹா ஹூம்!" என்றார் மச்சான் தலையைத் தூக்காமல்.

நிழலை அளக்கிறேன் என்று ஒரு பெரிய மனிதர் சொன்னதைக் கேட்டு, "ஆஜ் காம் நஹி ஹை க்யா, தாதா?" என்று சிரித்துக்கொண்டே போனார் அவர். இன்றைக்கு வேலை வெட்டி இல்லையா அண்ணா என்று அதற்கு அர்த்தம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நிழல் குறுகிக்கொண்டே வந்தது. பதினொரு மணி தாண்டியது. கோடுகள் ஒன்றையொன்று நெருங்கின. பிறகு ஒரு கோட்டின் மேலேயே அடுத்த கோடு விழுந்தது. மச்சான் மூக்கு தரையில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். அடுத்த கோடு வெளியே விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் வெளியே.

"மணி என்ன?" என்றார்.

"இன்னும் பதினொன்றரை ஆகலை" என்றார் வாத்தியார். அவர் குரல் மாறியிருந்தது.

மச்சான் எழுந்திருக்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோடு போட்டுக்கொண்டே இருந்தார். ரேடியோவைத் திருகினேன். இரைச்சலுக்கு நடுவே பீப் பீப் என்று வந்து, பன்னிரண்டு மணி என்று சொன்னது. டைம்பீஸும் அதையேதான் காட்டியது. நிழல் அந்தக் குட்டைக் கோட்டைத் தாண்டி வெளியே கிடந்தது.

"கொழும்பு வைங்க மாப்ள."

கொழும்பு வைத்தேன். கரகரப்போடு அங்கேயும் பன்னிரண்டுதான்.

"எல்லாப் பயலும் சேந்துக்கிட்டானுவ" என்றார் மச்சான். ஆனால் அதில் கோபம் இல்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த இந்தியா மேப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேடையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். நாடு முழுவதற்கும் ஒரே கடிகார நேரம். அந்த நேரம் நாட்டுக்கு நடுவில் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்து வைத்தது. நம் தீவுகள் அதற்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி, கடலில் கிடக்கின்றன. சூரியன் கிழக்கே இருந்துதானே வருகிறது, நம்மிடம் முதலில் வந்துவிட்டு அப்புறம்தான் அங்கே போகிறது. அதனால் கடிகாரம் பன்னிரண்டைத் தொடும் முன்பே நமக்கு உச்சி கடந்துவிடுகிறது. இதை அவர் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இங்கே ஐந்து மணிக்கே பொழுது விடிந்துவிடுவதும், சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடுவதும் எங்களில் எவருக்குத் தெரியாது? கப்பலிலிருந்து புதிதாக இறங்குகிறவர்கள் ஆறு மணிக்கு இருட்டைப் பார்த்து முழிப்பதைக் கண்டு நாங்களே கேலி செய்வோம். விடிவதும் முன்னால், அடைவதும் முன்னால் என்றால் நடுவில் இருக்கிற உச்சி மட்டும் எப்படிப் பன்னிரண்டுக்கு வரும்? ஒருவரும் யோசிக்கவில்லை. ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த பன்னிரண்டு மணியை அப்படியே கோயிலில் வைத்துவிட்டோம்.

"எங்க ஊர்லயும் பன்னிரண்டுக்கு வராது அண்ணாச்சி. மேப்பைப் பார்த்தா அங்க பன்னிரண்டு தாண்டித்தான் உச்சி வரணும்" என்றார் வாத்தியார். "அங்கேயே படிச்சு அங்கேயே வளர்ந்தேன். ஒரு நாள்கூட ஒரு குச்சியை நட்டுப் பார்த்ததில்லை." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, மாற்றி எழுதியவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை மறுபடி அளக்க வேண்டும் என்றார். என் மகளைப் பார்த்து, "நீ வேணாம்மா. உன்னுது சரி" என்றார்.

அவள் அழுதுவிட்டாள். நேற்று அவ்வளவு திட்டியும் அழாதவள்.

மச்சான் கரி அப்பிய கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார். "ஏட்டி, எதுக்கு அழுத? நாந்தான அழணும். என் கையாலயே கோடு போட்டு என் வாய அடைச்சிட்டியே." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கோயில் விஷயம் அவ்வளவு லேசில் முடியவில்லை. அடுத்த வாரம் பூஜை முறை எனக்கு. நிழல் சொல்கிற உச்சியில் நைவேத்தியம் செய்கிறேன் என்று கமிட்டியில் சொன்னேன். கிடங்கில் மணி அடிக்காமல் ஆட்கள் வர முடியாதே, ஆளில்லாத நேரத்தில் யாருக்காக மணி அடிப்பது என்று கேட்டார்கள். முருகனுக்குத்தானே அடிக்கிறோம் என்றேன். கடைசியில் மச்சானே வழி சொன்னார். கொடிமர நிழல் குறுகி நிற்கும்போது முருகனுக்கு நைவேத்தியம். பன்னிரண்டுக்கு ஆட்கள் வந்ததும் அவர்களுக்காக ஒரு கற்பூர ஆரத்தி. "சாமிக்கு ஒரு மத்தியானம், நமக்கு ஒரு மத்தியானம், டீக் ஹை?" என்றார். எல்லாரும் சரி என்றார்கள்.

அத்தனை வருஷமும் நேரம் தப்பிச் செய்த பூஜையை முருகன் ஏற்றுக்கொண்டிருப்பானா என்று நான் அன்றைக்கே அவன் முன்னால் நின்று கேட்டேன். பதில் என்று எதுவும் வரவில்லை. ஆனால் மனம் கனக்கவில்லை. தெரியாமல் கொடுத்ததையும் வாங்கிக்கொள்கிறவன்தான் அவன் என்று இருந்துவிட்டேன்.

பரீட்சை முடிந்தது. மகள் போர்ட்பிளேயர் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு சாயங்காலம் கடையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்.

"அத்தை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். பெட்டிய எடுத்து வெயில்ல போடு. பூஞ்சை பிடிச்சுக் கெடக்கும்."

நம்பாமல் பார்த்தாள். "நெசமாவாப்பா? மாமா என்ன சொல்லுவாவ?"

"மாமாதான் பஸ்ஸுக்குப் பெட்டி தூக்க வாரேன்னு இருக்காவ."

எதனால் என் மனம் மாறியது என்று அப்போது அவளிடம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். நாலு பேர் சொன்னால் பிள்ளை சாய்ந்துவிடும் என்றுதானே பயந்தேன்? அன்றைக்கு வகுப்பே அழித்து எழுதியது. புத்தகம் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், வாய் திறக்காத நான் ஒரு பக்கம். மார்க் போய்விடும், படிப்பே நின்றுவிடும் என்று தெரிந்தும் அவள் கண்ணால் கண்டதை மாற்றவில்லை. அந்தப் பிள்ளையை எந்த ஊருக்கு அனுப்பினால்தான் என்ன பயம்? பொய் சொல்லாத இடத்தில் முருகன் கூடவே இருப்பான். நான் காவல் இருந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

அவள் போனாள். சயின்ஸ் படித்தாள்.

இதைக் கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முருகன் என் கனவில் வந்து நேரம் சொன்னதாக ஒருவர் சொல்கிறார். அப்படிக் கனவு ஏதும் வரவில்லை. சின்னப் பெண் ஒருத்தி வாத்தியாரைத் தலைகுனிய வைத்தாள் என்கிறார் இன்னொருவர். அவர் தலைகுனியவில்லை. குனிந்து எங்களோடு சேர்ந்து நிழலைப் பார்த்தார். அதனால் படிக்கிறவர்களை இரண்டு கையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். மச்சான் கத்தியதைக் குறைக்க வேண்டாம், என் பக்தியைக் கூட்ட வேண்டாம். நிழல் எங்கே விழுந்ததோ அங்கேயே கோடு இருக்கட்டும்.